கப்பலில் வந்து பினாங்கில் ஒரு பகல்: இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கப்பலுக்குத் திரும்பக் கெடு மாலை ஐந்தரை. மணி நாலு ஐம்பது. நாங்கள் ஆயர் ஈத்தாம் சாலையில், ஆப்பில் கூப்பிட்ட கிராப் வாடகைக் காருக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம், அம்மா பின் சீட்டில் "வேலும் மயிலும் துணை" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார், மனைவி என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். கெடுவுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது மூச்சிரைக்க ஏறினோம். அத்தனைக்கும் காரணம் என்னுடைய திட்டம்தான். தாளில் பார்க்க அழகாக இருந்தது. ஒரே பகலில் பினாங்கு ஹில் என்ற மலை, புத்தர் கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில், லிட்டில் இந்தியா எல்லாம் அடங்கியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து மூன்று நான்கு இரவுக் கப்பலில் மலேசியாவின் பினாங்குக்கு முதல் முறை போகிறவர்களுக்கு அந்த ஓட்டம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. டிக்கெட் போடும் முன் நிற்கும் நேரத்தைப் பாருங்கள்

நாமெல்லாம் முதலில் விலையைத்தான் பார்ப்போம். விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், கப்பல் ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று இருக்கும். அதுதான் முக்கியம். காலையில் வந்து மாலையில் கிளம்பும் கப்பலும் உண்டு, மதியம் வந்து இரவு கிளம்பும் கப்பலும் உண்டு. மதியக் கப்பல் என்றால் மலையை மறந்துவிட்டு ஊருக்குள்ளேயே சுற்றுவது நல்லது. மாலை வெயில் தணிந்த பிறகு, பினாங்கின் நகரமான ஜார்ஜ்டவுன் இன்னும் அழகு.

இன்னொரு விஷயம். ஊர்ப்பட்டியலில் "கோலாலம்பூர்" என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து நகரத்துக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. ஸ்வெட்டன்ஹம் பியர் என்ற துறை ஜார்ஜ்டவுனுக்கு உள்ளேயே இருக்கிறது, கப்பல் நேராகக் கரையில் கட்டப்படும், வெளியே வந்தால் எதிரே மணிக்கூண்டு. ஃபுக்கெட்டில் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆள் இறக்குவதைப் பார்த்தால் பினாங்கின் அருமை புரியும்.

2. பாஸ்போர்ட், விசா, வருகை அட்டைகள்

இதில்தான் நான் அதிகம் திண்டாடினேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். எண்ணத் தொடங்க வேண்டியது டிக்கெட் போட்ட நாளிலிருந்து இல்லை, பயண நாளிலிருந்து.

மலேசியாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்று அறிவித்தார்கள், அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் என்றால் விதி வேறு.

சிங்கப்பூருக்கு விசா கட்டாயம் வேண்டும், நாம் இடறுவது இங்கேதான். விமானத்தில் போய் இறங்கும்போது ஒரு நுழைவு, கப்பல் திரும்பி வரும்போது இன்னொரு நுழைவு. ஆக உங்கள் விசாவில் பலமுறை நுழைவு இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் தருகிறார்கள், ஆனாலும் விசாத் தாள் கையில் வந்ததும் அந்த வரியைப் படியுங்கள். எங்கள் ஏஜென்ட் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று வாட்ஸப்பில் அனுப்பிய தாளில் அம்மாவின் பிறந்த தேதி தவறாக இருந்தது. நான் பார்த்ததால் தப்பித்தது. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர், அது திரும்ப வராது. அதற்கு மேல் ஏஜென்ட் தன் கூலியைச் சேர்ப்பார், எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். நாங்கள் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு கொடுத்தோம், ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது.

அடுத்து வருகை அட்டைகள். இரண்டு நாட்டுக்கும் இணையத்தில் நிரப்ப வேண்டும், இரண்டும் இலவசம். காசு கேட்டால் அது போலித் தளம், உடனே மூடிவிடுங்கள். தேடும்போது முதலில் வந்து நிற்பது பல நேரம் இந்தப் போலிகள்தான். மலேசியாவின் தளம் அரசு முகவரியில், அதாவது ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடியும். சிங்கப்பூருக்கு அவர்களுடைய குடிநுழைவுத் துறையான ஐசிஏவின் தளம் அல்லது ஆப்.

இரண்டிலும் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். மலேசிய அட்டையைக் கப்பல் ஏறும் முன் சிங்கப்பூரிலேயே முடித்துவிடுங்கள். பயண வழி என்ற இடத்தில் கடல் என்று தேர்ந்து, கப்பலின் பெயரைப் போடுங்கள். தங்கும் முகவரி கேட்கும், நமக்கோ கரையில் தங்கும் இடமே கிடையாது. அங்கே என்ன எழுதுவது என்று கப்பல் நிறுவனம் அனுப்பும் குறிப்பில் இருக்கும், அதை அப்படியே போட்டால் போதும்.

சிங்கப்பூர் அட்டையை இரண்டு முறை நிரப்ப வேண்டும். விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. இரண்டாவதன் மூன்று நாள் கணக்கு கடலில் இருக்கும்போதுதான் தொடங்கும், வருகிற நாளையும் சேர்த்துத்தான் மூன்று. கப்பல் இணையமோ விலை அதிகம். அதனால் நாள்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: மூன்று இரவுப் பயணம் என்றால் பினாங்கில் இறங்கிய நாளிலேயே, டீக்கடையில் உட்கார்ந்து, கரை இணையத்தில் நிரப்பிவிடலாம். நான்கு இரவு என்றால் பினாங்கு எந்த நாளில் வருகிறது என்பதைப் பொறுத்தது. எனக்கு இது தெரியாமல், கடைசி இரவு கப்பல் வைஃபைக்குக் காசு கட்டி நிரப்பினேன்.

சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு. ஒன்று மரீனா பேயில், மற்றது ஹார்பர்ஃபிரன்டில். பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும். டாக்சியில் ஏறும் முன் உங்கள் பயணச்சீட்டில் எது என்று பாருங்கள்.

3. போனைத் தயார் செய்வது

கிராப் ஆப்பை இந்தியாவிலேயே இறக்கி, பதிவு செய்து, கார்டையும் சேர்த்துவிடுங்கள். பதிவுக்கு ஓடிபி வரும், அங்கே போய் இந்திய சிம் வேலை செய்யாவிட்டால் அதோடு முடிந்தது. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைப்பதும் இங்கேயே செய்ய வேண்டிய வேலை. இதே ஆப் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஓடும். இணையத்துக்கு இரண்டு நாட்டிலும் வேலை செய்யும் ஈசிம் ஒன்று வாங்கினால் போதும்.

கப்பல் கரையை விட்டதும் போனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். கப்பலுக்கென்று தனியாக ஒரு செல்போன் சிக்னல் உண்டு, ரோமிங் திறந்திருந்தால் போன் தானாகவே அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டணம் சாதாரண ரோமிங் மாதிரி இல்லை, பல மடங்கு.

கடிகாரமும் ஒரு பொறி. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், இந்தியாவை விட இரண்டரை மணி முன்னால். தாய்லாந்து இவற்றுக்கு ஒரு மணி நேரம் பின்னால். ஃபுக்கெட்டும் உங்கள் பயணத்தில் இருந்தால், போன் தாய்லாந்து நேரம் காட்டும்போது கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கக்கூடும். "கப்பல் நேரம்" எது என்று கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளான தினத்தாளில் போட்டிருப்பார்கள். ஒருவராவது கையில் சாதாரண வாட்ச் கட்டி, அதை மாற்றாமல் வைத்திருங்கள்.

4. பணம்

மலேசியப் பணம் ரிங்கிட். நாங்கள் போனபோது ஒரு ரிங்கிட் ஏறக்குறைய 20 ரூபாய். சிங்கப்பூர் வெள்ளியைக் கடைக்காரரிடம் நீட்டினால் வாங்கினாலும் வாங்குவார், ஆனால் கணக்கு அவருக்குச் சாதகமாகத்தான் இருக்கும். லெபோ பந்தாய் பக்கமும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெருவிலும் பணமாற்றுக் கடைகள் இருக்கின்றன, தமிழிலேயே பேரம் பேசலாம். கிழிந்த நோட்டு, பேனாவில் எழுதிய நோட்டு எடுத்துப் போகாதீர்கள்.

எங்கள் மூவருக்கும் அன்று ஆன செலவு: கிராப் போக வர சுமார் 50 ரிங்கிட், மலை ரயில் ஆளுக்கு 30 வீதம் 90, சாப்பாடு, டீ, தண்ணீர் எல்லாம் சேர்த்து 80, கழிப்பறைச் சில்லறை தனி. மொத்தம் 220 ரிங்கிட் சொச்சம், நம் காசில் நாலாயிரத்து ஐந்நூறு. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவுக்கு ஒரு ஆளுக்குக் கேட்ட விலையில் நாங்கள் மூன்று பேரும் முடித்துவிட்டோம். ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: கப்பல் ஏற்பாட்டில் போன பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. வயதானவர்களை மட்டும் தனியாக அனுப்புவதாக இருந்தால் காசு போனாலும் பரவாயில்லை, அதையே எடுங்கள்.

யுபிஐயை நம்பி வெறுங்கையோடு இறங்க வேண்டாம். ஹாக்கர் கடைகள் என்ற சிறு சாப்பாட்டுக் கடைகளில் ரொக்கம்தான் நிம்மதி.

5. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நான் செய்த பெரிய தப்பு இதுதான். தாளில் காலை 10 முதல் மாலை 6.30 என்று இருந்தது. எட்டரை மணி நேரம் கையில் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

நடந்தது இப்படி. பத்து மணிக்குக் கப்பலைக் கட்டினார்கள். இறங்கலாம் என்ற அறிவிப்பு 10.40க்கு. படி இறங்கி, வரிசையில் நின்று, குடிநுழைவு முடிந்து வெளியே வந்தபோது 11.20. அந்தப் பக்கம், 6.30 என்பது கப்பல் நகரும் நேரம். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய கெடு 5.30. சாலை நெரிசலை நினைத்தால் 4.45க்குத் துறை வாசலில் இருப்பதுதான் புத்தி. ஆக எட்டரை மணி நேரம் என்பது ஐந்தரைக்கும் குறைவு.

ஆகவே முதலில் ஏறும் கெடுவை எழுதுங்கள். அதிலிருந்து முக்கால் மணி கழியுங்கள். கப்பல் வரும் நேரத்தோடு ஒன்றேகால் மணி கூட்டுங்கள். நடுவில் மிச்சம் இருப்பதுதான் உங்கள் பகல்.

6. இறங்கும்போது

முதல் அரை மணி நேரம் மொத்தக் கப்பலும் படிக்கட்டில் நிற்கும். மலைக்குப் போகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் முன்னால் நிற்க வேண்டும், அதாவது காலைச் சாப்பாட்டை எட்டரைக்குள் முடித்திருக்க வேண்டும். ஊரை மட்டும் சுற்றுகிறவர்கள் நிதானமாக ஒரு மணி நேரம் கழித்து இறங்கினாலும் ஒன்றும் குறையாது.

எடுத்துப் போக வேண்டியவை: கப்பல் அட்டை, பாஸ்போர்ட், வருகை அட்டையின் படம், குடை, தண்ணீர், தினமும் சாப்பிடும் மாத்திரை. சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்போது நகல் ஒன்றாவது கையில் இருக்கட்டும். தினத்தாளில் துறைமுக முகவரின் போன் எண் அச்சாகியிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டிய எண் அது.

வெளியே வந்ததும் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மணிக்கு இவ்வளவு, நான்கு இடம் காட்டுகிறேன் என்பார்கள். நான்கு பேராகப் போனால் சில நேரம் அதுவும் கட்டுப்படியாகும், ஆனால் பேசிய தொகை காருக்கா ஆளுக்கா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். கிராப் பிடிக்க வேண்டுமானால் வாசல் கூட்டத்தைத் தாண்டி மணிக்கூண்டு பக்கம் நடந்து அங்கிருந்து போடுங்கள், சீக்கிரம் கிடைக்கும்.

7. எங்கே போவது: ஒரு தூரம், மிச்சமெல்லாம் பக்கம்

ஒரே ஒரு தூரத்து இடம். அதை முதலில் முடியுங்கள். மிச்ச நேரத்தைக் கப்பலுக்கு நடந்து திரும்பக்கூடிய தூரத்திலேயே செலவழியுங்கள்.

தூரத்து இடம் என்றால் பலரும் தேர்வது பினாங்கு ஹில், அங்கே இருக்கும் நம் ஆட்கள் கொடிமலை என்பார்கள். கிராப்பில் போனால் அரை மணி, 20 முதல் 25 ரிங்கிட். "கீழ் நிலையம்" என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், வெறும் மலைப் பெயரைப் போட்டால் ஆப் வரைபடத்தின் குறி மலையுச்சியில் போய் விழக்கூடும். ரயிலில் மேலே போகப் பத்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் வரிசை ஒரு மணி நேரம்கூட ஆகலாம், சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் என்றால் நிச்சயம் ஆகும். நாங்கள் போனபோது சாதாரணச் சீட்டு 30, வரிசையில் முந்திப் போகும் சீட்டு 80. மூன்று பேருக்கு 240 என்று கணக்குப் போட்டுவிட்டு வரிசையில் நின்றேன், அங்கே போன ஐம்பது நிமிடம்தான் கடைசியில் என் கழுத்தைப் பிடித்தது. நேரம் குறைவான நாளில் அந்த 80 வீண்செலவு இல்லை. மேலே காற்று குளிர்ச்சியாக இருக்கும், கீழே ஊரும் பாலமும் தெரியும், ஒரு முருகன் கோயிலும் இருக்கிறது. போக வர, மேலே ஒரு மணி நேரம் எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் நாள்களும் உண்டு, முந்தைய வாரமே அவர்கள் தளத்தில் பாருங்கள்.

துறையிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் வெல்ட் கீ பேருந்து நிலையத்திலிருந்து 204 எண் பேருந்தும் மலையடிவாரம் போகும். சில ரிங்கிட்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, மீதிச் சில்லறையும் தர மாட்டார்கள்.

கெக் லோக் சீ புத்தர் கோயில் மலைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது, அதனால்தான் ஆசை வரும். வேண்டாம். அதற்கே இரண்டு மணி நேரம் வேண்டும், ஏகப்பட்ட படிகள்.

தண்ணீர்மலை முருகன் கோயில் என்றால் 513 படி. அம்மாவின் முழங்காலோடு அது நடக்காது என்று அடிவாரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அதே சாலையில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, படி ஏறாமல் கும்பிடலாம். முருகனைப் பார்க்க வேண்டும், மலை வேண்டாம் என்கிறவர்கள் இதையும் பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்காவையும் தூரத்து இடமாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டரை மணி நேரத்தில் முடியும்.

பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போக நாற்பது நிமிடம், வர நாற்பது. கண்ணாடி மாதிரிக் கடல் வேண்டுமென்றால் பினாங்கு அதற்கான ஊர் இல்லை.

பக்கத்தில் இருப்பவை எல்லாம் நடை. லிட்டில் இந்தியாவுக்குப் பத்து நிமிடம். குயின் தெரு மாரியம்மன் கோயில் அங்கேதான், நம் ஊர் மாதிரியே மதியம் நடை சாத்திவிடுவார்கள். அங்கே கும்பிட வேண்டுமென்றால் மட்டும் தூரத்து இடத்துக்கு முன்பே போய்விடுங்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுகை நேரம் தவிரப் பார்வையாளர்களை விடுவார்கள், மேலே போர்த்த அங்கியும் தருவார்கள். வெள்ளி மதியம் போகாதீர்கள். ஆர்மீனியன் தெருவில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகும் அந்தப் பிரபலமான சுவரோவியம், படமெடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு மேல் கால் நட்டுக் கட்டிய சியூ ஜெட்டி வீடுகள். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

கடைகளுக்கு முன்னால் நிழலுக்காகக் கட்டிய ஐந்தடி நடைபாதை வெயிலுக்கு நல்லது, ஆனால் கடைக்குக் கடை உயரம் மாறும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். கால் வலித்தால் கேட் என்ற இலவசப் பேருந்து வெல்ட் கீக்கும் கொம்தார் என்ற உயரமான கட்டடத்துக்கும் இடையே ஊருக்குள் சுற்றி வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் போனால் மதிய மழையை நம்பியே திட்டம் போடுங்கள்.

8. சாப்பாடு

கப்பலில் சாப்பாடு இலவசம் என்று மதியம் திரும்பி ஓடாதீர்கள், பினாங்குக்கு வந்து அதைச் செய்வது பாவம். நாசி கண்டார் கடையில் சோறு வாங்கி, குழம்பெல்லாம் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், "பஞ்சிர்" என்றால் வெள்ளமாக ஊற்றுவார்கள். கோழி, முட்டை, வெண்டைக்காய் என்றால் மலிவு. பெரிய இறாலையும் மீன் தலையையும் கை காட்டும் முன் விலை கேட்டுவிடுங்கள், தட்டில் விழுந்த பிறகு பேச முடியாது. பினாங்கு ரோடு பக்கம் ஒரு கிண்ணம் செண்டோல் என்ற குளிர்ந்த தேங்காய்ப்பால் இனிப்பு, வெயிலுக்கு அமிர்தம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் லிட்டில் இந்தியாவை விட்டு நகர வேண்டாம். மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலில்கூட இறால் விழுது இருக்கும், லக்சா என்ற நூடுல்ஸின் குழம்பே மீனில் செய்தது. அம்மாவுக்கு வாழை இலைச் சாப்பாடு கிடைத்தது, ரசம் வீட்டு ரசம் மாதிரி இருந்ததாம்.

டீ கேட்டால் பாலும் சர்க்கரையும் சேர்த்துத்தான் வரும். பால் வேண்டாம் என்றால் "தே ஓ", சர்க்கரையும் வேண்டாம் என்றால் "தே ஓ கோசோங்".

9. திரும்புதல்

நாலு மணிக்கு மேல் ஊர் நெரிசல் கூடும், மழை பெய்தால் கிராப் விலையும் ஏறும். கார்க்காரரிடம் "ஜெட்டி" என்று மட்டும் சொல்லாதீர்கள், படகுத்துறையும் அதுதான், சியூ ஜெட்டியும் அதுதான். "ஸ்வெட்டன்ஹம் பியர், கப்பல் முனையம்" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

கப்பல் வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். சமைத்த சாப்பாடு, பழம் எதுவும் உள்ளே போகாது, டுரியான் பற்றிப் பேச்சே வேண்டாம். கட்டி மூடிய பிஸ்கட், பொட்டலமிட்ட ஜாதிக்காய் வற்றல் போகும். மது வாங்கினால் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக் கடைசி நாள் தருவார்கள், ஆனால் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வருகிறவர்களுக்கு மதுவில் வரிச்சலுகை கிடையாது. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் கிடையாது, ஒரு பாக்கெட்டையும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மெல்லும் கம் பாக்கெட் வாங்கியிருந்தால் சிங்கப்பூருக்குக் கொண்டு வராமல் பினாங்கிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.